கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் நிலவறையையும் பாருங்கள்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே இருக்கிறது. முதல் விடுமுறையில் அவர்கள் அனுப்பும் படங்களில் எப்படியும் ஒரு கோட்டை இருக்கும். மலை உச்சி, வெள்ளைச் சுவர், ஊசிக் கோபுரம், பின்னால் பனி. அழகான இடங்கள்தான், போய்ப் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அந்தக் கற்கள் சொல்லும் வரலாற்றில் பாதியைத்தான் அங்கே நமக்குக் காட்டுகிறார்கள். மீதிப் பாதியை நாம்தான் தேட வேண்டும்.

நுழைவுச்சீட்டோடு காதில் மாட்டிக்கொள்ளக் கொடுக்கும் ஒலிக்கருவி, மன்னர் எந்தக் கட்டிலில் படுத்தார், அரசிக்குப் பிடித்த நிறம் எது என்றெல்லாம் விரிவாகச் சொல்லும். ஒடுக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வரலாற்றைப் படிக்கிறவர்கள் வேறு மூன்று கேள்விகளோடு உள்ளே போக வேண்டும். இதைக் கட்டியவர்கள் யார்? கட்டுவதற்கான பணம் யாரிடமிருந்து வந்தது? இதன் நிலவறையில் அடைக்கப்பட்டவர்கள் யார்?

இரண்டு சொற்கள்

ஜெர்மன் மொழியில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. 'புர்க்' என்றால் போருக்காகக் கட்டிய அரண். 'ஷ்லோஸ்' என்றால் வசிக்கவும் பகட்டைக் காட்டவும் கட்டிய மாளிகை. இடைக்காலத்துப் புர்க் வெறும் போர்க் கட்டடம் அல்ல. சுற்று வட்டார ஊர்களின் வரி அங்கேதான் போய்ச் சேர்ந்தது. வழக்குகளை விசாரித்ததும் அங்கேதான், தண்டனை கொடுத்ததும் அங்கேதான். நமக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால் தாலுகா அலுவலகம், நீதிமன்றம், சிறைச்சாலை, பண்ணையார் வீடு நான்கும் ஒரே மதிலுக்குள் இருந்தன.

அந்த மதிலுக்குக் கீழே வாழ்ந்த உழவர்களில் பெரும்பகுதியினர் பண்ணையடிமைகள். இதற்கு ஜெர்மனில் 'லைப்ஐகன்ஷாஃப்ட்' என்று பெயர். 'லைப்' என்றால் உடல், 'ஐகன்' என்றால் சொந்தம். ஒருவரின் உடலே இன்னொருவருக்குச் சொந்தம் என்பதைச் சொல்லே ஒப்புக்கொள்கிறது. பிரபுவின் அனுமதி இல்லாமல் ஊரை விட்டுப் போக முடியாது, திருமணம் செய்ய முடியாது. பிரபுவின் நிலத்தில் கூலி இல்லாமல் வெட்டி வேலை செய்ய வேண்டும். குடும்பத் தலைவர் செத்துப்போனால், வீட்டில் இருக்கும் மாடுகளில் நல்ல மாட்டையோ உடைகளில் நல்ல உடையையோ பிரபுவின் ஆட்கள் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். இழவு வீட்டிலும் வரி.

வார்ட்பூர்க்: ஆன்மாவுக்கு மட்டும் விடுதலை

ஐசனாக் நகருக்கு மேலே இருக்கும் வார்ட்பூர்க் கோட்டைக்கு எல்லோரும் ஒரு சிறிய அறையைப் பார்க்கப் போகிறார்கள். திருச்சபையும் பேரரசரும் தள்ளிவைத்த மார்ட்டின் லூத்தர் 1521 மே முதல் 1522 மார்ச் வரை இங்கே மாற்றுப் பெயரில் மறைந்திருந்தார். புதிய ஏற்பாட்டை இங்கேதான் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்தார். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வெளிவந்தது.

வேதத்தைக் குருமார்களின் மொழியிலிருந்து மக்களின் மொழிக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம். அதன் அருமை நமக்குத் தெரியும். வேதம் தங்கள் மொழியில் வந்ததும் உழவர்கள் ஒரு நேரான கேள்வியைக் கேட்டார்கள்: நாங்கள் இன்னொருவனுக்குச் சொந்தம் என்று இதில் எங்கே எழுதியிருக்கிறது?

1525 மார்ச்சில் தென் ஜெர்மனியில் மெமிங்கன் என்ற ஊரில் உழவர் குழுக்களின் பிரதிநிதிகள் கூடினார்கள். அங்கே உருவானதுதான் 'பன்னிரண்டு கோரிக்கைகள்'. அதை எழுதியவர்களில் முக்கியமானவர் செபாஸ்தியான் லோட்சர். அவர் படித்த பண்டிதர் அல்ல. விலங்குகளின் மயிர்த்தோலைப் பதமாக்கி ஆடை செய்யும் கைவினைத் தொழிலாளி. ஊரின் போதகரை ஊரே தேர்ந்தெடுக்க வேண்டும், காட்டிலும் ஆற்றிலும் எல்லோருக்கும் உரிமை வேண்டும், வெட்டி வேலை குறைய வேண்டும், பொதுநிலத்தைத் திருப்பித் தர வேண்டும், இழவு வரி ஒழிய வேண்டும் என்று அவை கேட்டன. மூன்றாவது கோரிக்கை பண்ணையடிமை முறையைப் பற்றியது. கிறிஸ்து ஆடு மேய்ப்பவரையும் அரசரையும் ஒன்றுபோல மீட்டார், ஆகவே நாங்கள் சுதந்திரமானவர்கள் என்பது அதன் சாரம். சில வாரங்களில் ஆயிரக்கணக்கான படிகள் அச்சாகி ஜெர்மன் நாடுகள் முழுவதும் பரவின. ஐரோப்பாவில் சாதாரண மக்கள் தங்கள் உரிமைகளை எழுதிவைத்த மிகப் பழைய ஆவணங்களில் இது ஒன்று.

லூத்தர் என்ன செய்தார்? முதலில் இரண்டு தரப்புக்கும் அறிவுரை சொன்னார். பிரபுக்களின் கொடுமையைக் கண்டித்தார். ஆனால் அடிமை முறை ஒழிய வேண்டும் என்ற கோரிக்கையை ஏற்கவில்லை. கிறிஸ்தவ விடுதலை ஆன்மாவுக்கு உரியது, அதை உடலுக்குக் கேட்பது தவறு என்றார். கிளர்ச்சி பரவியதும் 1525 மே மாதம், உழவர்களை அடித்துக் கொல்லலாம் என்று பிரபுக்களுக்குச் சொல்லும் துண்டு நூல் ஒன்றையே எழுதினார்.

வார்ட்பூர்க்கின் அந்த அறைக்குள் நிற்கும்போது இந்த இரண்டு லூத்தரையும் சேர்த்து நினைக்க வேண்டும். கோயிலுக்குள் சமத்துவம், வயலில் பழைய நிலைமை என்று முடிந்துபோகும் எந்தச் சீர்திருத்தமும் பிரபுக்களுக்குத் தொந்தரவு தராது. அதனால்தான் அவர்கள் அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள்.

மரீன்பெர்க்: சிற்பியைச் சிதைத்த கோட்டை

வூர்ஸ்பூர்க் நகரத்தில் மைன் ஆற்றுக்கு மேலே மரீன்பெர்க் கோட்டை நிற்கிறது. ஊருக்கு ஆயரே அரசராகவும் இருந்த இடம் அது. 1525 மே மாதம் உழவர் படைகள் அந்தக் கோட்டையைச் சூழ்ந்தன. நகர மக்களும் அவர்கள் பக்கம் நின்றார்கள். ஆயர் முன்பே தப்பிவிட்டார். மே 15ஆம் நாள் உழவர்கள் மதிலைத் தாக்கினார்கள். கோட்டையின் பீரங்கிகள் அவர்களைச் சாய்த்தன. கோட்டை விழவில்லை.

அதே மே 15ஆம் நாள் வடக்கே துரிங்கியாவில் ஃபிராங்கன்ஹவுசன் என்ற இடத்தில் தோமாஸ் மூன்ட்ஸர் என்ற போதகரோடு நின்ற உழவர்களைப் பிரபுக்களின் படை அழித்தது. ஏறத்தாழ 6,000 பேர் அன்று கொல்லப்பட்டார்கள். மூன்ட்ஸரை ஹெல்ட்ருங்கன் கோட்டைக்குக் கொண்டுபோய்ச் சித்திரவதை செய்து, மே 27 அன்று தலையை வெட்டினார்கள். அந்தக் கோட்டை இன்றும் இருக்கிறது. போர் நடந்த குன்றில் வெர்னர் டூப்கே வரைந்த 14 மீட்டர் உயரமும் 123 மீட்டர் நீளமும் கொண்ட வட்ட ஓவியம் 1989இல் திறக்கப்பட்டது. அதையும் பார்க்கலாம்.

உழவர் தரப்பிலும் கொடுமைகள் நடந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. வைன்ஸ்பெர்க்கில் கோட்டையைப் பிடித்தவர்கள் ஒரு பிரபுவையும் அவருடைய வீரர்களையும் ஈட்டிகளுக்கு நடுவே ஓடவிட்டுக் கொன்றார்கள். வரலாற்று நூல்கள் அந்த ஒரு நாளைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. பிரபுக்கள் கொன்ற உழவர்களின் தொகை 70,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. அவர்களுக்கு நினைவுக்கல் உள்ள ஊர்கள் குறைவு.

வூர்ஸ்பூர்க்கில் தில்மன் ரீமன்ஷ்னைடர் என்ற சிற்பி இருந்தார். அந்தக் காலத்து ஜெர்மனியின் மிகப் பெரிய மரச் சிற்பிகளில் ஒருவர். நகர மன்ற உறுப்பினர், நகரத் தலைவராகவும் இருந்தவர். உழவர்களுக்கு எதிராக ஆயருக்குத் துணைபோக அந்த நகர மன்றம் மறுத்துவிட்டது. கிளர்ச்சி அடக்கப்பட்டதும் ரீமன்ஷ்னைடரை மரீன்பெர்க் கோட்டையில் அடைத்துச் சித்திரவதை செய்தார்கள். சொத்தின் ஒரு பகுதியையும் பறித்தார்கள். வெளியே வந்தவர் அதன் பிறகு பெரிய படைப்பு எதையும் செய்யவில்லை. 1531இல் இறந்துபோனார்.

இன்று அவருடைய சிற்பங்களின் மிகப் பெரிய தொகுப்பு எங்கே இருக்கிறது தெரியுமா? அதே மரீன்பெர்க் கோட்டையின் அருங்காட்சியகத்தில்தான். எந்த மதிலுக்குள் அவரை வதைத்தார்களோ அந்த மதிலுக்குள்தான் அவருடைய ஆதாமும் ஏவாளும் நிற்கிறார்கள். கலையைப் பாராட்டும் உலகம் கலைஞரை யார் வதைத்தது என்ற கேள்வியை மெதுவான குரலில்தான் கேட்கும். நாம் சற்று உரக்கக் கேட்போம்.

ஃபிராங்கன் பகுதியில் உழவர்கள் எரித்த கோட்டைகள் ஏராளம். பின்னால் அவற்றுக்கான இழப்பீடும் தோற்றுப்போன குடிகளின் தலையில்தான் விழுந்தது. முதலில் கட்டியபோது கல் சுமந்தவர்கள் அவர்கள். இரண்டாவது முறை கட்டப் பணம் கொடுத்தவர்களும் அவர்களே.

தொட்டால் தீட்டு

பல கோட்டைகளில் சித்திரவதைக் கருவிகளைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். பயணிகள் அதைப் பார்த்துச் சிலிர்த்துக்கொள்கிறார்கள். அந்தக் கருவிகளை இயக்கிய மனிதரின் நிலை என்ன என்று கேட்பவர்கள் குறைவு. தூக்கிலிடுபவர், செத்த விலங்குகளை அகற்றித் தோலுரிப்பவர் ஆகியோர் ஜெர்மன் ஊர்களில் 'மானமற்ற மக்கள்' என்று ஒதுக்கப்பட்டார்கள். அவர்களைத் தொட்டாலோ, அவர்களோடு சேர்ந்து குடித்தாலோ கைவினைஞர் தன் தொழிற்சங்க உரிமையை இழக்க நேரிடும். சாராயக்கடையிலும் தேவாலயத்திலும் அவர்களுக்குத் தனி இடம். தூக்குமரம் கட்ட வேண்டுமென்றால் ஊரில் உள்ள தச்சர்கள் எல்லோரும் சேர்ந்து கை வைப்பார்கள். ஒருவர் மட்டும் தொட்டால் அவருக்குத் தீட்டு, எல்லோரும் தொட்டால் யாருக்கும் தீட்டில்லை என்ற கணக்கு.

1731இல் பேரரசு ஒரு கைவினைச் சட்டம் கொண்டுவந்து, இப்படி ஒதுக்கப்பட்ட பல தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குத் தொழிற்சங்கங்களின் கதவைத் திறந்துவிட்டது. தோலுரிப்பவர்களை மட்டும் அந்தச் சட்டமும் வெளியே நிறுத்தியது.

இதைச் சாதிக்குச் சமம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செத்த மாட்டை அகற்றுகிறவரை ஊருக்கு வெளியே நிறுத்தும் புத்தி எந்த மண்ணிலும் முளைக்கும் என்பதையும், அது சட்டத்தாலும் போராட்டத்தாலும் அழியக்கூடியது என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. இன்று ஜெர்மனியில் ஒருவரின் பாட்டனார் தோலுரித்தார் என்பதற்காக யாரும் அவருக்குத் தனிக் குவளை வைப்பதில்லை.

ஆட்களை விற்றுக் கட்டிய மாளிகை

காசல் நகரத்தின் வில்ஹெல்ம்ஸ்ஹோயா மாளிகையும் அதன் மலைப் பூங்காவும் பேர்பெற்றவை. பூங்கா 2013 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். 1776இல் அமெரிக்கக் குடியேற்றங்கள் கிளர்ந்தெழுந்தபோது, அதை அடக்க ஆள் தேவைப்பட்ட பிரிட்டிஷ் அரசோடு ஹெஸ்ஸன்-காசல் சிற்றரசர் ஒப்பந்தம் போட்டார். அந்த ஒரு சின்ன நாட்டிலிருந்து மட்டும் 17,000க்கும் மேற்பட்ட வீரர்கள் கடல் கடந்து அனுப்பப்பட்டார்கள். உழவர் வீட்டுப் பிள்ளைகள். வாடகைப் பணம் சிற்றரசரின் கருவூலத்துக்குப் போனது. அடுத்து பட்டத்துக்கு வந்தவர் 1786இல் புதிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அந்தக் காலத்திலேயே நாடக ஆசிரியர் ஷில்லர் இந்த ஆள் விற்பனையை 1784இல் மேடையில் போட்டுக் காட்டிவிட்டார். பூங்காவின் அழகுக்கு நடுவே, திரும்பி வராத பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கேயே 'லோவன்பூர்க்' என்று இடிந்த கோட்டை ஒன்று தெரியும். அது போரில் இடிந்தது அல்ல. 1790களில் பழைய கோட்டை மாதிரி தெரிய வேண்டும் என்று புதிதாகக் கட்டியது. பண்ணையடிமைகளின் காலத்தை அழகான கனவாக மாற்றும் வேலை அப்போதே தொடங்கிவிட்டது. அதன் உச்சம்தான் நோய்ஷ்வான்ஸ்டைன்.

பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் நோய்ஷ்வான்ஸ்டைனுக்கு அடிக்கல் வைத்தது 1869இல். ஜெர்மனியின் முதல் ரயில் ஓடி 34 ஆண்டுகள் கழித்து! இடைக்காலக் கோட்டை போலத் தோன்றும் அதற்குள் வெந்நீரும் வெப்பக்காற்றுக் குழாய்களும் மின்மணியும் உண்டு. மன்னரின் படுக்கையறையைச் செதுக்க 14 மரச் சிற்பிகளுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அங்கே வேலை செய்த கைவினைஞர்களுக்கு 1870இல் ஒரு நலச் சங்கம் இருந்தது. மாதம் சிறு தொகை கட்டினால் நோய்வாய்ப்பட்டபோது உதவி கிடைக்கும். வேலையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்குச் சிறு ஓய்வூதியமும் கிடைத்தது. இந்தச் சங்கம் சுற்றுலாக் கதையில் ஓர் அடிக்குறிப்பு. நமக்கு அதுதான் முதல் பக்கம். மன்னர் 1886 ஜூனில் இறந்தார். ஏழு வாரத்துக்குள் கடனை அடைக்க மாளிகையைக் கட்டணம் வாங்கித் திறந்துவிட்டார்கள்.

அரசர் தொப்பியைக் கழற்றிய நாள்

அரண்மனையில் இருந்தவர்கள் எல்லோரும் ஆண்டவர்கள் அல்ல. இன்றைய கானாவிலிருந்து சிறுவனாகக் கொண்டுவரப்பட்ட அன்டன் வில்ஹெல்ம் அமோ, பிரௌன்ஷ்வைக் சிற்றரசருக்குப் 'பரிசாக' வந்தவர். 1708இல் சால்ஸ்டாலும் மாளிகையின் தேவாலயத்தில் ஞானஸ்நானம் கொடுத்து, தங்கள் பெயர்களையே அவருக்குச் சூட்டினார்கள். அமோ ஹால்ல பல்கலைக்கழகத்தில் படித்தார். ஐரோப்பாவில் கறுப்பின மக்களின் சட்ட உரிமை பற்றி 1729இல் அங்கே வாதிட்டார். பிறகு தத்துவப் பேராசிரியராகப் பாடம் நடத்தினார். நம் தரங்கம்பாடிக்கு சீகன்பால்குவை அனுப்பிய அதே ஹால்ல ஊர்தான் அது. பெர்லினில் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் பெயரோடு இருந்த தெரு, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2025இல் அமோவின் பெயருக்கு மாறியது.

அந்தத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பெர்லின் அரண்மனை. 1848 மார்ச் 18 அன்று அதன் முன் கூடிய மக்களைப் படை கலைக்கப் பார்த்தது. நகரம் முழுவதும் தடுப்பரண்கள் எழுந்தன. ஏறத்தாழ 300 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் தொழிலாளர்களும் கைவினைஞர்களும். மறுநாள் மக்கள் பிணங்களை அரண்மனை முற்றத்துக்கே சுமந்து வந்தார்கள். அரசரை வெளியே வரச் சொன்னார்கள். நான்காம் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் வந்தார். தொப்பியைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார். தோளில் துண்டு போட்டதற்காக அடிபட்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு அந்தக் காட்சியின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

1918 நவம்பரில் முடியாட்சி வீழ்ந்தது. ஆனால் அரச குடும்பங்களின் சொத்து? அதை இழப்பீடு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா என்று 1926 ஜூன் 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. சுமார் 1 கோடியே 45 லட்சம் பேர் 'ஆம்' என்றார்கள். வாக்களித்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல். இருந்தும் மொத்த வாக்காளர்களில் பாதிப்பேரின் ஆதரவு வேண்டும் என்ற விதியால் தோற்றுப்போனது. இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். பிரஷ்யாவில் 1807 ஆணையின்படி 1810இல் பண்ணையடிமை முறை முடிந்தது. ஆனால் நிலத்தைச் சொந்தமாக்க விரும்பிய உழவர்கள் அதில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ பிரபுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. விடுதலை வந்தது, நிலம் போனது.

மாளிகைகளை என்ன செய்வது?

இரண்டு எடுத்துக்காட்டுகள். ஒன்று, பாடர்போர்னுக்கு அருகில் உள்ள வேவல்ஸ்பூர்க். ஹிம்லர் இதை நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் மையமாக்க 1934இல் எடுத்துக்கொண்டார். கட்டட வேலைக்காகவே பக்கத்தில் ஒரு வதைமுகாம். அதில் அடைக்கப்பட்ட 3,900 பேரில் 1,285 பேராவது இறந்தார்கள். இன்று அதே இடத்தில் அந்தக் குற்றத்தை மறைக்காமல் சொல்லும் நினைவகம் இருக்கிறது. எல்லாக் கோட்டைகளும் தங்கள் கதையை இப்படிச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

இன்னொன்று, பான் நகரம். கொலோன் ஆயர்-அரசர்களின் மாளிகைதான் 1818இல் தொடங்கிய பான் பல்கலைக்கழகத்தின் தலைமைக் கட்டடம் ஆனது. 1921இல் அந்தப் பல்கலைக்கழகத்தின் பதிவேட்டில் ஓர் இந்திய மாணவரின் பெயர் ஏறியது. அண்ணல் அம்பேத்கர். அவர் அங்கே பட்டம் முடிக்கவில்லை, லண்டன் படிப்பையே தொடர்ந்தார். ஆனாலும் பள்ளியில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத ஒருவருக்கு, அரச மாளிகை ஒன்று வகுப்பறையாக மாறியிருந்ததால் வாசல் திறந்தது. மாளிகைகளுக்கு இதைவிட நல்ல பயன்பாடு எனக்குத் தெரியவில்லை.

ஆகவே தம்பி தங்கைகளே, போங்கள், படம் எடுங்கள். வழிகாட்டியிடம் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் குறித்துக்கொண்டு வந்து எழுதுங்கள். நேரம் இருந்தால் மெமிங்கனுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பன்னிரண்டு கோரிக்கைகளோடு தொடர்புடைய வணிகர் சங்கக் கட்டடம் இன்னும் நிற்கிறது. மதில் இல்லை, அகழி இல்லை. எங்களுக்கும் உடல் சொந்தம் என்று உழவர்கள் முடிவெடுத்த ஊர் அது.